ஏழாம் அத்தியாயம்: தரவிலிருந்து சித்திரம்

இணையதளம் ஒன்றை நடத்துவதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. வாசகர் வந்து கேட்கும் ஒவ்வொரு தடவையும் சர்வர் தரவுத்தளத்தைத் திறந்து, வேண்டியதைப் பொறுக்கி, பக்கத்தைப் புதிதாக ஆக்கித் தருவது ஒன்று. எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே ஆக்கி வைத்துவிட்டு, கேட்டவருக்குக் கோப்பை அப்படியே எடுத்துக் கொடுப்பது மற்றொன்று. சித்திரை பிறப்பதற்கு முன்பே ஒரு வருஷத்துக்குரிய திதி, நட்சத்திரங்களையெல்லாம் கணித்து அச்சிட்டு வீடுதோறும் சேர்த்துவிடும் பஞ்சாங்கக்காரரின் முறை இந்த இரண்டாவது மார்க்கத்தைச் சேர்ந்தது. 2008-இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் ரூபி மொழியில் எழுதி வெளியிட்ட ஜெக்கில், 2013-இல் ஸ்டீவ் பிரான்சியா கோ மொழியில் தொடங்கிய ஹியூகோ முதலான ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஆனால் இவையெல்லாம் எழுத்துக்கென்று பிறந்த கருவிகள். கட்டுரையை டெம்ப்ளேட்டில் பொருத்திப் பக்கமாக்குவதில் இவற்றுக்குள்ள சாமர்த்தியம் படத்தின் விஷயத்தில் இல்லை. படக்கோப்பை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பிரதி எடுத்து வைப்பதோடு, மிஞ்சிப்போனால் அதன் அளவை மாற்றித் தருவதோடு, இவற்றின் சிரத்தை முடிந்துவிடுகிறது. அதனால் நடப்பது என்னவென்றால், தளத்தை நடத்துபவர் எண்களை எக்செலில் இட்டு, வரைபடம் ஒன்றை அங்கேயே உண்டாக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறார்; மறுவருஷம் எண்கள் மாறிவிட, கட்டுரையில் புதிய எண்ணும் படத்தில் பழைய எண்ணுமாக ஒரே பக்கம் இரண்டு சாட்சியம் சொல்லிக்கொண்டு நிற்கிறது. பில்டு நடக்கும்போதே தரவுக் கோப்பைப் படித்து, அதிலிருந்து படத்தையும் வரைந்து, பக்கத்தோடு சேர்த்து வெளியிடும் ஜெனரேட்டரை எவ்வாறு அமைப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இதற்கு ஓர் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் பங்குச்சந்தை விலைக்கோ, வாசகரே வடிகட்டியும் பெரிதாக்கியும் துருவிப் பார்க்க வேண்டிய தரவுக்கோ இந்த முறை பொருந்தாது. மாதத்துக்கொரு முறையோ வருஷத்துக்கொரு முறையோ மாறுகிற, ஆனால் பல வருஷங்கள் படிக்கப்படப் போகிற விவரங்களுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை என்பது என் அபிப்பிராயம். 2024-இல் வெளிவந்த அப்சர்வபிள் பிரேம்வொர்க் என்னும் கருவியில் தரவைப் பில்டு நேரத்திலேயே திரட்டி வைக்கும் ஏற்பாடு நேர்த்தியாக அமைந்திருக்கிறது. ஆயினும் படம் வரையும் வேலை அங்கே பெரும்பாலும் வாசகரின் பிரௌசரிலேயே நடக்கிறது. நாம் அதையும் முன்னாலேயே முடித்துவிடப் போகிறோம். அப்படி முடித்துவிட்டால், சாதாரணக் கைப்பேசியில் மந்தமான இணைப்பில் படிப்பவருக்கும், ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைத்திருப்பவருக்கும், பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்பவருக்கும் படம் ஒன்றுபோலவே கிடைக்கும்.

உதாரணத்துக்குத் தமிழ்நாட்டின் மக்கள்தொகையை எடுத்துக்கொள்வோம். 1951-இல் 3,01,19,047, 1961-இல் 3,36,86,953, 1971-இல் 4,11,99,168, 1981-இல் 4,84,08,077, 1991-இல் 5,58,58,946, 2001-இல் 6,24,05,679, 2011-இல் 7,21,47,030. ஏழே வரிகள், பள்ளி மாணவனும் பட்டை வரைபடமாக வரைந்துவிடக்கூடியவை. ஆயினும் ஒரு ஜெனரேட்டர் இடறி விழக்கூடிய குழிகளில் பெரும்பாலானவை இந்த ஏழு வரிகளுக்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது, காற்புள்ளி. எண்ணை நாம் மேலே எழுதியபடியே மேற்கோள்குறி இல்லாமல் சி.எஸ்.வி. கோப்பில் எழுதினால், காற்புள்ளிதான் அங்கே நெடுவரிசைகளைப் பிரிக்கும் குறி ஆதலால், 7,21,47,030 என்பது ஓர் எண்ணாக இராமல் நான்கு எண்களாகச் சிதறிப்போகும். இது கண்ணுக்குத் தெரிகிற பிழை. நெடுவரிசைகளின் எண்ணிக்கை பொருந்தாதபோது பல கருவிகள் முறையிடும். மேற்கோள்குறிக்குள் இட்டால் அடுத்த குழி காத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்-இன்ட் அந்தச் சரத்தை இடமிருந்து படித்துக்கொண்டே வந்து, முதல் காற்புள்ளியைக் கண்டதும் நின்று, 7 என்று விடை சொல்லிவிடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஏழு கோடியே இருபத்தொரு லட்சம் மக்கள் ஏழு பேராகச் சுருங்கி, பட்டை தரையோடு தரையாகப் படுத்துவிடும். வரைந்த நிரலில் தோஷம் தேடிக்கொண்டிருப்பவருக்குத் தோஷம் படித்த நிரலில் இருப்பது எளிதில் புலப்படாது. ஆகையால் தரவுக் கோப்பில் எண்கள் குறியீடு எதுவுமின்றி 72147030 என்றே இருக்க வேண்டும். கோடி, லட்சம் என்று பிரித்துக் காட்டும் அலங்காரம் வெளியிடும் கட்டத்தைச் சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்ட்ல் (Intl) எண் வடிவமைப்பியிடம் மொழியைத் தமிழ் என்றும் தேசத்தை இந்தியா என்றும் சொல்லிவிட்டால் 7,21,47,030 என்று அதுவே பிரித்து எழுதித் தரும்.

இரண்டாவது குழி இன்னும் ஆழமானது. பத்தாண்டு வரிசையில் 2011-க்கு அடுத்தது 2021. அவ்வருஷம் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாக் காலத்தில் ஒத்திவைக்கப்பட்டது என்பதை யாவரும் அறிவர். கோப்பில் 2021 என்று எழுதி எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டால், அந்த வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றும்படி ஜாவாஸ்கிரிப்டைக் கேட்கும்போது அது பூஜ்யத்தைத் தருகிறது. இல்லாத எண்ணும் பூஜ்யம் என்ற எண்ணும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம், கருவி அறியாது. வரைபடம் கோடாக இருந்தால் 2011-இல் எட்டாத உயரத்தில் நின்ற கோடு 2021-இல் பாதாளத்தில் விழுந்து கிடக்கும். அந்த வரியையே நீக்கிவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் சரியன்று; கணக்கெடுப்பு அவ்வருஷம் நடக்கவில்லை என்பதே வாசகருக்குத் தெரிய வேண்டிய ஒரு செய்தி. வெற்றிடத்தை 'மதிப்பு இல்லை' என்ற தனி நிலையாகவே இறுதிவரை கொண்டுபோய், படத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, கீழே காரணத்தை ஒரு வரியில் எழுதுவதே முறை.

மூன்றாவது, எண்ணின் வியாக்கியானம். 1951-இல் இருந்த சென்னை ராஜ்யம் ஆந்திரப் பகுதிகளையும் மலபாரையும் தன்னுள் கொண்டிருந்தது. மேலே தந்துள்ள 3,01,19,047 என்பது இன்றைய எல்லைக்குத் திருத்திக் கணக்கிட்ட எண். இதை அறியாத ஒருவர் பழைய அறிக்கையிலிருந்து அன்றைய ராஜ்யத்தின் முழு எண்ணை எடுத்து எழுதிவிட்டால், 1951-க்கும் 1961-க்கும் இடையில் கோடிக்கணக்கான மக்கள் காணாமற்போனதாகப் படம் சொல்லும். எனவே ஒவ்வொரு தரவுக் கோப்புக்கும் துணையாக ஒரு விவரக் கோப்பு இருக்க வேண்டும். அதில் அளவின் அலகு, எந்த எல்லைக்குரியது, எங்கிருந்து எடுத்தது, யார் எப்போது சரிபார்த்தது என்பவையும், ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகையைச் சேர்ந்தது, எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும், வெற்றிடம் அனுமதிக்கப்பட்டதா என்பவையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜெனரேட்டர் முதலில் இந்த விவரக் கோப்பைப் படித்து, அதைப் பிரமாணமாகக் கொண்டு தரவைச் சோதிக்கட்டும். பொருந்தாத ஒரே ஒரு மதிப்பு இருந்தாலும், கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் குறிப்பிட்டு, பில்டு அங்கேயே நின்றுவிட வேண்டும். எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுத் தொடர்வதே உபசாரம் என்று கருதுபவர்கள் உண்டு; எச்சரிக்கையை எவரும் படிப்பதில்லை. தவறான படம் வெளிவருவதைவிடப் பழைய தளம் இன்னும் ஒரு நாள் அப்படியே இருப்பது மேல்.

சோதனையில் தேறிய தரவை உடனே படமாக்கிவிடத் தோன்றும். அவ்வாறு செய்யலாகாது. தரவுக்கும் படத்துக்கும் இடையில் நடுநிலை வடிவம் ஒன்று வேண்டும். 'இன்ன இடத்தில், இன்ன அகலமும் உயரமும் உள்ள ஒரு பட்டை. அதன் அடியில் இன்ன எழுத்து' என்று எண்களாகவே எழுதப்பட்ட ஒரு பட்டியல் அது. பட்டை எந்த நிறம், எந்த எழுத்துரு என்ற பேச்சே அங்கே கிடையாது. இந்த நடுவடிவம் இருந்தால், அதே கணக்கிலிருந்து எஸ்.வி.ஜி. படத்தையும் எழுதலாம், அச்சுக்கு வேண்டிய கோப்பையும் எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்குச் சரிதானா என்பதைப் படத்தைக் கண்ணால் பார்க்காமலேயே சோதிக்கலாம்.

கணக்கைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். படத்தின் உயரம் 400 அலகு. அளவுகோல் பூஜ்யத்திலிருந்து 8 கோடி வரை. 2011-க்குரிய பட்டையின் உயரம் 72147030-ஐ 80000000-ஆல் வகுத்து 400-ஆல் பெருக்கக் கிடைப்பது: 360.74. எஸ்.வி.ஜி.யில் மூலப்புள்ளி மேல் இடது மூலையில் இருக்கிறது. நாம் பள்ளியில் வரைந்த வரைபடத்தைப் போல் கீழிருந்து மேலே எண்ணுவதில்லை. ஆதலால் அந்தப் பட்டை 400-இலிருந்து அதைக் கழித்த 39.26 என்ற இடத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வளர்கிறது. 1951-க்குரிய பட்டையின் உயரம் 150.6. அளவுகோலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல், இடத்தை மிச்சப்படுத்தும் உத்தேசத்தோடு 3 கோடியிலிருந்து தொடங்கினால், 1951-இன் பட்டை ஒரு கோடாக மெலிந்து, அறுபது வருஷத்தில் ஜனத்தொகை முந்நூறு மடங்குக்கு மேல் பெருகிவிட்டதுபோல் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் பெருகியது இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. எனவே பட்டை வரைபடத்துக்குப் பூஜ்யம் அல்லாத தொடக்கத்தை ஜெனரேட்டர் ஏற்கவே கூடாது என்று நிரலிலேயே விதித்துவிடுங்கள். கோட்டு வரைபடத்துக்கு அந்த விதி தேவையில்லை. அங்கே கண் அளப்பது நீளத்தையல்ல, சரிவை.

எந்தத் தரவுக்கு எந்த வடிவம் என்பதை யார் தீர்மானிப்பது? ஜெனரேட்டரே ஊகித்துக்கொள்ளட்டும் என்ற ஆசை எல்லோருக்கும் எழுவதுண்டு. 1786-இல் லண்டனில் வெளிவந்த தம் வாணிப அட்லஸில் வில்லியம் பிளேஃபேர் நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதியைக் காலக்கோடுகளாக வரைந்துகொண்டே போனவர், ஸ்காத்லாந்துக்கு வந்தபோது ஒரே ஒரு வருஷத்துக் கணக்குத்தான் தம்மிடம் இருந்ததால், கோடு வரைய வழியின்றிப் பட்டைகளை அடுக்கினார். பட்டை வரைபடம் அச்சில் பிரசித்தமானது அவ்வாறுதான். தரவின் ஸ்வரூபம் வடிவத்தை நிர்ணயித்தது என்பது மெய். ஆனால் நிர்ணயித்தவர் அந்தத் தரவின் குறையை அறிந்த மனிதர். ஆகவே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆசிரியரிடமே இருக்கட்டும். அவர் அதை விவரக் கோப்பில் ஒரு வார்த்தையில் எழுதிவிடுவார். ஒரே ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு கோடு கேட்டால் மறுக்கும் உரிமை மட்டும் ஜெனரேட்டருக்கு இருந்தால் போதும்.

இனி எழுத்துக்கு வருவோம். ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட வரைபட நிரல்கள் தமிழைக் கண்டால் தடுமாறுவது இங்கேதான். பில்டு நடக்கும் இடத்தில் பிரௌசர் இல்லை. ஆகவே ஒரு பெயர் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று கேட்டு அறிய வழியில்லை. பலரும் எழுத்துகளின் எண்ணிக்கையைச் சராசரி அகலத்தால் பெருக்கி ஒப்பேற்றிவிடுகிறார்கள். 'தூத்துக்குடி' என்ற பெயரில் நாம் எண்ணுவது ஆறு எழுத்துகள். யூனிகோடு கணக்கில் ஒவ்வொரு எழுத்தும் மெய்யுருவும் குறியுமாக இரண்டிரண்டு புள்ளிகள் ஆதலால் பன்னிரண்டு. யூ.டி.எஃப்-8 முறையில் முப்பத்தாறு பைட்டுகள். 'கன்னியாகுமரி'யில் எழுத்துகள் ஏழு. யூனிகோடு புள்ளிகள் அங்கும் பன்னிரண்டே. நீளம் என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் இரண்டுக்கும் 12 என்றே சொல்லும். கண்ணுக்கோ இரண்டும் ஒரே அகலம் அல்ல. எழுத்துகளைச் சரியாக எண்ணினாலும் பிரச்சினை முற்றும் தீராது. 'ர' எடுத்துக்கொள்ளும் இடம் எங்கே, 'ணை' எடுத்துக்கொள்ளும் இடம் எங்கே!

சரியான வழி, தளத்தில் பயன்படப் போகும் எழுத்துருக் கோப்பையே பில்டு நேரத்தில் திறந்து, ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக் கோவை நூலகத்தைக் கொண்டு ஒவ்வொரு பெயரின் அகலத்தையும் அளந்துகொள்வது. அவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவருக்கு ஒரு யுக்தி சொல்கிறேன்: பட்டைகளைப் படுக்கை வசத்தில் வரைந்து, பெயர்களை இடப்புறத்தில் வலக்கோடி ஒழுங்காக நிறுத்திவிடுங்கள், பெயர் நீண்டாலும் குறுகினாலும் பட்டையோடு மோதாது. நின்ற பட்டைகளுக்கு அடியில் பெயர்களைச் சாய்த்து எழுதும் வழக்கத்தை மட்டும் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். கொம்பும் சுழியும் சாய்ந்து நிற்கும்போது படிப்பவர் கழுத்தையும் சாய்க்க வேண்டியதாகிறது.

எஸ்.வி.ஜி.யைப் பக்கத்தில் சேர்க்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனிக் கோப்பாக வைத்துப் படக் குறியின் வழியே அழைத்தால், பக்கத்தின் எழுத்துருவும் நிறவிதிகளும் அந்தப் படத்துக்குள் செல்லுபடியாகா; நீங்கள் அளந்தது ஓர் எழுத்துரு, வாசகர் காண்பது வேறோர் எழுத்துரு என்று ஆகிவிடும். படத்தின் குறிமொழியைப் பக்கத்துக்குள்ளேயே பதித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தின் நிறத்தைப் படம் தானே ஏற்றுக்கொள்ளும்படி அமைத்தால் இருண்ட திரையிலும் எழுத்து மறையாது. எழுத்துகளைக் கோட்டுருவங்களாக மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம்: தேடலும் போய்விடும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளும் ஊமையாகிவிடும். சமூக ஊடகங்களில் பகிரும்போது காட்டவென்று பி.என்.ஜி. வடிவில் ஒரு பிரதி வேண்டியிருந்தால், அதை ஆக்கும் கருவி தமிழைக் கோக்கத் தெரிந்ததா என்று 'கொ', 'கெ' இரண்டையும் எழுதிப் பார்த்துவிடுங்கள். தெரியாத கருவியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு வலப்புறம் போய் நிற்கும்.

வரைபடத்திலிருந்து நிலப்படத்துக்குப் போகும்போது ஒரு தரவை மற்றொரு தரவோடு இணைக்க வேண்டியிருக்கிறது. இணைப்பில்தான் விபரீதங்கள் விளைகின்றன. 2011-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு மாவட்டங்கள் 32, இன்று 38. இன்றைய எல்லைக் கோப்பையும் அன்றைய எண்களையும் பெயரால் இணைத்தால், தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை முதலான ஆறும் எண்ணின்றி வெளுத்துக் கிடக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிட மோசம், திருநெல்வேலிக்கு அன்றைய பெரிய மாவட்டத்தின் எண் இன்றைய சிறிய எல்லைக்குள் பூசப்பட்டு, பொய்யான அடர்த்தியைக் காட்டும். வெளுத்த இடம் கண்ணில் படும்; தவறான நிறம் படாது. எல்லைக் கோப்புக்கும் எண் கோப்புக்கும் வருஷம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும், இணைப்பு பெயரால் அல்லாமல் கணக்கெடுப்புத் துறை தந்த மாவட்டக் குறியெண்ணால் நடக்க வேண்டும் என்பதையும், இரு பக்கத்திலும் ஒன்றுகூட இணையாமல் மிஞ்சக் கூடாது என்பதையும் விவரக் கோப்பின் விதிகளாக்குங்கள். பெயரை நம்பினால் கோவை ஒரு கோப்பிலும் கோயம்புத்தூர் ஒரு கோப்பிலும் இருந்து உங்களைப் பரிகசிக்கும்.

ஒரே தரவும் ஒரே நிரலும் இருந்தால், எந்த இயந்திரத்தில் எத்தனை தடவை ஆக்கினாலும் வெளிவரும் கோப்பு ஒரு பைட்டுக்கூட மாறாமல் இருக்க வேண்டும். இதற்குச் செய்ய வேண்டியவை அற்பமானவையே: தசம எண்களை இரண்டு இடத்தோடு நிறுத்துவது, கோப்புகளை இயங்குதளம் தரும் வரிசையில் அல்லாமல் பெயர் வரிசையில் படிப்பது, 'ஆக்கிய நேரம்' என்று எதையும் படத்தில் பொறிக்காமல் தரவின் தேதியையே எழுதுவது, உறுப்புகளுக்கு இடும் அடையாளப் பெயரைத் தற்செயலாக உண்டாக்காமல், படத்தின் பெயரோடு தரவின் திறவுச் சொல்லைச் சேர்த்து அமைப்பது. கடைசியாகச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரே பக்கத்தில் பதித்த இரண்டு படங்களில் ஒரே அடையாளம் இருந்தால், ஒன்றன் நிறச்சாயல் மற்றொன்றில் போய் ஏறிவிடும். இவ்வளவும் செய்துவிட்டால், தரவில் ஓர் எண்ணைத் திருத்தும்போது கிட் காட்டும் வித்தியாசத்தில் அந்த ஒரு பட்டையின் வரி மட்டுமே மாறியிருக்கும். சரிபார்ப்பவருக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை. பல நூறு படங்கள் உள்ள தளத்தில் மாறாதவற்றை மறுபடி வரையாமல் விட, உள்ளடக்கத்தின் ஹாஷைச் சேமித்து ஒப்பிடலாம். தரவு, விவரக் கோப்பு, வரையும் நிரல் ஆகிய மூன்றையும் சேர்த்தே அந்த ஹாஷைக் கணக்கிட வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால், நிரலைத் திருத்திய பிறகும் பழைய படங்களே வந்துகொண்டிருக்கும்.

படத்தோடு அதன் தரவையும் ஓர் அட்டவணையாகப் பக்கத்தில் வெளியிடுவதற்குத் தனி உழைப்பு ஒன்றும் தேவையில்லை. தரவு கையிலேயே இருக்கிறது. எஸ்.வி.ஜி.யின் தலைப்புக் குறியில் படத்தின் பெயரையும், விளக்கக் குறியில் ஒரு வாக்கியச் சுருக்கத்தையும் எழுதி, இது ஒரு படம் என்ற பாத்திரக் குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். பெயர்களில் கோணக் குறியோ ஆம்பர்சாண்டோ வந்தால் அவற்றை மாற்றி எழுதாமல் விடுவது, ஒரே எழுத்தால் முழுப் பக்கத்தையும் குலைத்துவிடும்.

அடுத்த அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன் வாசகர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். மேலே தந்துள்ள ஏழு வரிகளைத் தம் கையால் ஒரு கோப்பில் எழுதி, 2021-ஐ வெறுமையாகச் சேர்த்து, அதற்குரிய விவரக் கோப்பையும் எழுதி, வரையும் நிரலில் ஒரு வரியும் எழுதுவதற்கு முன்னால் சோதிக்கும் நிரலை மட்டும் எழுதி முடிக்கட்டும். பிறகு 2011-இன் எண்ணில் வேண்டுமென்றே காற்புள்ளிகளை இட்டு ஓட்டிப் பார்க்கட்டும். வரி எண்ணைச் சொல்லிப் பில்டு நின்றால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். நிற்காவிட்டால் இந்த அத்தியாயத்திலேயே இன்னும் வேலை இருக்கிறது.